பாதி விலைக்கு அமெரிக்க சொகுசு எஸ்யூவி என்றால் முதலில் இதைப் படியுங்கள்

டெட்ராய்ட் புறநகர்ப் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நோவை, டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று எங்கே போனாலும் கார் கம்பெனியிலோ அதன் சப்ளையரிடமோ வேலை பார்க்கிற தமிழர் ஒருவராவது இருப்பார். அதனால் அமெரிக்க வண்டி வாங்குவது இங்கே சகஜம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று நான்கு வருடம் ஓடிய சொகுசு எஸ்யூவி சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

நானும் அப்படி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவன். எந்தக் கம்பெனி வண்டி, எந்த டீலர் என்று சொல்லப் போவதில்லை. புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி பார்க்க அம்சமாக இருந்தது. "சர்டிஃபைட் சார்" என்று சொல்லி, எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்த ஒரு நீளமான தாளையும் கொடுத்தார்கள். வாங்கிய மாதமே ஒரு காலையில் பார்த்தால் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. வண்டியைக் காற்றுப் பைகளால் தாங்கிப் பிடிக்கும் ஏர் சஸ்பென்ஷன் போச்சு. அடுத்து நடுவில் இருக்கும் பெரிய திரை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போக ஆரம்பித்தது. ஹீட்டர், பின்பக்க கேமரா எல்லாம் அந்தத் திரைக்குள்தான். மிஷிகன் ஜனவரியில் ஹீட்டரைக் கூட்டக் குறைக்க முடியாமல் ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

டீலரிடம் போனால் அந்த "சர்டிஃபைட்" அவர்களே அச்சடித்துக் கொடுத்தது என்று தெரிந்தது. தயாரிப்பாளர் தரும் சர்டிஃபிகேட்டில் தயாரிப்பாளரின் வாரண்டி உண்டு. டீலர் தானாகக் கொடுப்பதில் அவர் எழுதியது மட்டும்தான் உண்டு. அமெரிக்காவில் பழைய கார் விற்கும் டீலர் 'பையர்ஸ் கைடு' என்ற தாளை வண்டியிலேயே, கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். இது 1985 முதல் இருக்கும் கூட்டாட்சி விதி. வாரண்டி உண்டா, 'ஆஸ் ஈஸ்' (இருக்கிறபடியே, வாரண்டி இல்லாத) விற்பனையா என்பது அதில்தான் இருக்கும். என் வண்டியில் அது இல்லை. கையெழுத்துக்காக நீட்டிய காகிதக் கட்டுக்கு நடுவே, 'ஆஸ் ஈஸ்' டிக் அடித்தபடி இருந்தது.

கையெழுத்து வாங்கிய அதே அறையில்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டியையும், அதாவது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரிப்பேர் ஒப்பந்தத்தையும், தலையில் கட்டினார்கள். சஸ்பென்ஷன் கவராகுமா என்று கேட்டேன், "கண்டிப்பா" என்றார் சேல்ஸ்மேன். கிளெய்ம் போட்டதும் வந்த பதில்: பழுது ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்தது, பணம் கிடையாது. முன்பே இருந்தது என்றால் விற்றவருக்குத் தெரியாதா என்ன? அதற்கு பதிலே இல்லை. இந்தத் தொழிலின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம்: 2024இல் கார்ஷீல்டு என்ற பெரிய கம்பெனி, விளம்பரத்தில் ஏமாற்றியதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையமான எஃப்டிசி சொன்ன குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நான் வாங்கியது அவர்களிடம் இல்லை.

உண்மை வெளிவந்தது நண்பர் ஒருவரின் ஓபிடி ஸ்கேனரில். ஸ்டீரிங்குக்குக் கீழே செருகி, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் சின்னச் சாதனம், விலையும் அதிகமில்லை. பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பல கார்களில் அதில் பார்க்கலாம். அந்தத் தூரத்தை ஓடோமீட்டரிலிருந்து கழித்தால், எனக்கு விற்பதற்குச் சற்று முன்னால்தான் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். ரிப்பேர் செய்துவிட்டும் அழிப்பது வழக்கம்தான், ஆனால் அதற்கு ஒரு பில் இருக்க வேண்டுமே. கேட்டுப் பார்த்தேன், இல்லை.

சரி, இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு மலிவு? பழைய வண்டிச் சந்தை முட்டாள் இல்லை. ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை போடுகிறது. அமெரிக்க சொகுசு வண்டிகளின் பெயர் ஒரே நாளில் கெட்டதும் இல்லை. 1908இல் லண்டன் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அமெரிக்க சொகுசு கம்பெனியான காடிலாக்கின் மூன்று கார்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டிப் பார்த்து டியூவர் கோப்பை என்ற விருதைக் கொடுத்தது. 'உலகத்துக்கே தரம்' என்று காடிலாக் விளம்பரம் செய்ததில் அப்போது நியாயம் இருந்தது. அதே கம்பெனி 1981இல் எட்டு, ஆறு, நான்கு என்று சிலிண்டர்களை மாற்றி மாற்றி ஓட்டும் எஞ்சினைக் கொண்டுவந்தது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை, பெரும்பாலான மாடல்களில் ஒரே வருடத்தில் கைவிட்டார்கள். 1982 மாடலாக வந்த காடிலாக் சிமரான், சாதாரண செவ்ரோலெ கவலியருக்குத் தோல் சீட் போட்டு விலையை ஏற்றியதுதான். ஃபோர்டின் சொகுசு பிராண்டான லிங்கனும் 1977இல் சாதாரண ஃபோர்டு கிரனாடாவை வெர்சாய் என்று பெயர் மாற்றி விற்றது.

இன்றைக்கு வந்தால், 2025 ஏப்ரலில் காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள், காடிலாக்கின் எஸ்கலேடு எஸ்யூவியும் அதில் அடக்கம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் ஆகிய உள்பாகங்களின் குறைகளால் எஞ்சினே போய்விடலாம் என்பது பிரச்சினை. சோதனையில் தேறிய வண்டிக்கு என்ன தீர்வு தெரியுமா? இன்னும் கெட்டியான ஆயில்.

இதோடு ஜப்பானின் டொயோட்டாவை ஒப்பிடுங்கள். அதன் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எஸ் 400 கார் வந்த வருடம் 1989. அந்த டிசம்பரிலேயே சுமார் 8,000 கார்களுக்கு ரீகால். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போய், சரிசெய்து, கழுவி, டேங்க்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். ஜப்பான் வண்டியிலும் பழுது வரும். வந்த பிறகு வாடிக்கையாளரை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் டெட்ராய்ட் கோட்டை விட்டது.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டு, சரிசெய்யாத ரீகால் இருக்கிறதா பாருங்கள். அந்த மாடலில் வரும் பழுதுகள் பற்றி கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின்களும் அங்கேயே உண்டு, நிறையக் கற்றுக்கொள்ளலாம். டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் ஸ்கேனரோடு காட்டுங்கள். அதற்கு டீலர் மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், 'கவராகும்' என்பதை ஒப்பந்தத்தில் வரி காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மிஷிகனில் டீலர் மீது மாநில அரசின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், டீலருக்கு லைசென்ஸ் கொடுப்பது அவர்கள்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பொதுவாக நடுவில் ரத்து செய்யலாம், எழுத்தில் கேளுங்கள். வண்டிக்கு லோன் இருந்தால் மீதிப் பணம் பெரும்பாலும் லோன் கணக்குக்குத்தான் போகும், அதனால் செக் வரவில்லையே என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.