பிச்சாவரம் போட்டிங்: துடுப்பு படகையே எடுங்க

போன மாசம் குடும்பத்தோட பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு (கடலோர உப்புத்தண்ணியில வளர்ற மாங்குரோவ் காடு) போயிட்டு வந்தோம். சிதம்பரத்துல இறங்கி கிள்ளை வழியா பஸ்ல போனோம், காலையில சீக்கிரமே போயிட்டதால கூட்டம் இல்ல. மோட்டார் படகு, துடுப்பு படகு ரெண்டும் இருக்கு. நேரம் மிச்சம்னு மோட்டார் எடுத்துடாதீங்க, அது அகலமான வாய்க்கால்லயே சுத்திட்டு வந்துடும். துடுப்பு படகுதான் மரம் ரெண்டு பக்கமும் கூரை மாதிரி மூடி இருக்குற சின்ன வாய்க்காலுக்குள்ள நுழையும், சத்தமே இல்லாம போறதால கொக்கு மீன்கொத்தி எல்லாம் பறக்காம அப்படியே உக்காந்திருக்கும்.

எங்க படகோட்டி அண்ணன் சுரபுன்னை வேரை காட்டினார், மரத்துக்கு நாலாபக்கமும் முட்டுக்கொடுத்த மாதிரி சேத்துல ஊணி நிக்குது. கொஞ்சம் தள்ளி வெண்கண்டல், அதோட மூச்சு வேர் பென்சிலை நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மேல நீட்டிட்டு இருக்கு. கடல்ல இருந்து வர்ற அலை இந்த வேர்க்கூட்டத்துல மோதி மோதித்தான் வேகம் குறையுது, அலையாத்தின்னு பேர் வச்சவங்க எவ்ளோ பார்த்து வச்சிருக்காங்க.

அப்புறம் அவர் கிழக்கால கை காட்டி எம்.ஜி.ஆர். திட்டு அந்தப் பக்கம்தான் இருந்துச்சுன்னு சொன்னார், படகுல கொஞ்ச நேரம் யாருமே பேசல. 2004 சுனாமியில கடலுக்கும் காட்டுக்கும் நடுவுல மணல்திட்டுல இருந்த அந்த ஊர் அழிஞ்சே போச்சு, காட்டுக்குப் பின்னாடி இருந்த டி.எஸ்.பேட்டை மாதிரி ஊர்கள்ல அந்த அளவுக்கு சேதம் இல்ல. கடலூர் மாவட்ட கரையை வச்சு செஞ்ச ஆய்வு 2005லயே சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, மரம் இருந்த இடத்துல சேதம் குறைவுன்னு. கடல்ல இருந்து எவ்ளோ தூரம், ஊர் எவ்ளோ மேடு, இதுவும் சேர்ந்துதான் காப்பாத்துச்சுன்னு வேற ஆய்வாளர்கள் சொன்னாங்க, அதுவும் சரிதான், மரம் நட்டுட்டோம்னு கரையை ஒட்டி வீடு கட்டிட முடியாதுல்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது அந்த மீன்முள் வாய்க்கால் விஷயம். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இந்தக் காட்டை பகுதி பகுதியா மொட்டையா வெட்டினாங்க, வெட்டின இடத்துல வெயில் நேரா அடிச்சு மண்ணு காஞ்சு அமுங்கி பள்ளமாயிடுச்சு, உள்ள வந்த கடல்தண்ணி வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னு ஆவியாகி உப்பு ஏறி ஏறி, அப்புறம் எந்த விதையும் முளைக்கல. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், அதுல இருந்து ரெண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சின்ன வாய்க்கால்னு வெட்டி தண்ணி ஏறவும் இறங்கவும் வழி விட்டாங்க, உப்பு குறைஞ்சுது, வாய்க்கால் ஓரமா கன்னு நட்டாங்க, காடு திரும்ப வந்துச்சு. வெறும் கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போற ஊர்ல, முதல்ல தண்ணிக்கு வழி பண்ணணும்னு யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு. 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் இந்தக் காடு சேர்ந்துடுச்சு.

இந்த வேருக்கு நடுவுலதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளருது. இருளர் மக்கள் தண்ணியில உக்காந்து கையாலயே தடவி இறால் பிடிக்கிறாங்க, அவங்களுக்கு இந்தக் காடுதான் சோறு. அதுக்குள்ள போய் சிப்ஸ் கவரை வீசுறாங்களே, மூச்சு வேர்ல ஒரு கவர் சுத்திட்டு இருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுது, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

என் பையன் முருங்கைக்காய் மாதிரி தொங்குன சுரபுன்னை காயைப் பறிக்கப் போனான், அண்ணன் தடுத்துட்டார், தம்பி அது மரத்துலயே முளைச்ச கன்னு, தானா விழுந்து சேத்துல குத்திக்கும்னார். பையன் வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிட்டு இருக்கான்.

5க்கு 5 குடுக்கலாம். தொப்பி, குடிதண்ணி எடுத்துக்கோங்க, 10 மணிக்கு மேல வெயில் தாங்காது. பறவை நிறைய பார்க்கணும்னா மார்கழி தை மாசம் போங்க, நாங்க அடுத்து அம்மாவையும் கூட்டிட்டு அப்பத்தான் போறோம்.