பட்டை நூறு காட்டும், வீடியோ ரேமில் இருக்கும்

போன வாரம் கடை யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி மாற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பர் (டியூசன் நடத்துகிறார், அவரும் லினக்ஸுக்கு மாறப் போகிறார்) கேட்டார்: "ரைட் கேச்சை நிறுத்திட்டா யூபிஎஸ் எதுக்குண்ணே?" டிஸ்கில் எழுத வேண்டியதை முதலில் ரேமில் தேக்கிவைத்துப் பிறகு எழுதுவதுதான் ரைட் கேச். நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை. நான்கு வருடமாக நான் பட்டதை எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எனக்குப் போட்டோ கடை. 16 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ், பழைய ஹார்ட் டிஸ்க். மற்றதில் குறையே இல்லை. கோபம் எல்லாம் பென் டிரைவில்தான்.

தோட்டத்துக் கோயில் தீமிதி வீடியோ, 1.8 ஜிபி. காப்பி போட்டால் 15 விநாடியில் திரையில் முன்னேற்றம் காட்டும் பட்டை நூறைத் தொடும். ஆனால் வீடியோவில் பெரும்பகுதி அப்போது ரேமில்தான் இருக்கிறது. இன்னும் டிஸ்கில் எழுதாத தரவு நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் பின்னணியில் மும்முரமாக எழுத ஆரம்பிக்கும். 20 சதவீதம் வரை விட்டுவைக்கும். என் கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிபி. மலிவான பென் டிரைவோ விநாடிக்கு 6 எம்பி எழுதினாலே பெரிது. ஆக, உண்மையில் முடிய 5 நிமிடம்.

பஸ்ஸுக்கு நிற்கும் பெரியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? "நூறு வந்திருச்சிலா தம்பி" என்று அவரே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தார். பேரன் தீ மிதிக்கும் இடத்தில் வீடியோ நின்றுவிடுகிறது. எழுதாததை எழுதிவிட்டதாகக் காட்டுவது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கேச் இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்கில் ஆல்பம் வேலை ஓடாது. அங்கங்கே எழுத வேண்டியதைச் சேர்த்து வரிசைப்படுத்தி ஒரே ஓட்டமாக எழுதுகிறது. நாம் உண்டாக்கி உடனே அழிக்கிற தற்காலிகக் கோப்பு டிஸ்கைத் தொடாமலே போய்விடும். ஒருநாள் சோதனைக்காக டிஸ்கின் சொந்தக் கேச்சையும் நிறுத்திப் பார்த்தேன். அரை மணியில் திரும்பப் போட்டுவிட்டேன்.

அப்புறம் இடி. நம் பக்கம் சாயங்கால மழை தெரியுமே. போன வருடம் நான்கு மணிக்குக் கரண்டு போனது, யூபிஎஸ் பேட்டரி செத்திருந்தது. பில் கணக்கில் ஒரு வரிகூடத் தொலையவில்லை, ஏனென்றால் அந்த மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் 'உடனே எழுது' என்கிற எஃப்சிங்க் கட்டளையை அழைத்து, டிஸ்குக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கிறது. ஆனால் 20 விநாடிக்கு முன் புதுப் பெயரில் சேமித்த கல்யாண ஆல்பம் பூஜ்ஜியம் பைட். கெர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்தாலும் 30 விநாடி பழையதானதைத்தான் எழுதும். டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையும் அதுவரை இடமே ஒதுக்காமல் தள்ளிப்போடும். 2009இலேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்து, பழைய கோப்பின் மேல் பெயர் மாற்றியோ அதைக் காலியாக்கியோ எழுதும்போது மட்டும் உடனே எழுதும்படி கெர்னலின் 2.6.30 பதிப்பில் திருத்தினார்கள். புதுக் கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இப்போது விஎம் டர்ட்டி பைட்ஸை, அதாவது எழுதாமல் ரேமில் விட்டுவைக்கும் உச்ச அளவை, 64 எம்பியாக வைத்திருக்கிறேன். பட்டை மெதுவாக நகர்கிறது. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். பெரியம்மாவும் உட்கார்ந்து பார்க்கிறார். எனக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் இந்த அளவு எல்லா டிஸ்குக்கும் பொது. பென் டிரைவுக்காகக் கட்டிய கடிவாளம் ஹார்ட் டிஸ்கையும் இழுக்கிறது. வீடியோ ரெண்டர் போடும் இரவுகளில் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு, காலையில் கடை திறந்ததும் திரும்ப வைக்கிறேன். இதை நான் செய்ய வேண்டியிருப்பதே எரிச்சல்.

ஆகவே நண்பரே, கேச்சை நிறுத்தாதீர்கள், யூபிஎஸ் வாங்குங்கள். எடிட்டிங் மேசையில் லினக்ஸைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் ஆள் வந்து பென் டிரைவ் நீட்டும் கல்லா மேசைக்கு இதை வைக்கச் சொல்லமாட்டேன். அங்கே விண்டோஸ் போடுங்கள். 10இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு எழுதும் கேச் இல்லாத முறைதான் இயல்பாக வருகிறது. என் கல்லாவுக்கும் அடுத்த மாதம் அதுதான்.