மேசைத்தறி வாங்கப் போகிறீர்களா? முதலில் விழுதுகளை எண்ணுங்கள்

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து தெரிந்த தங்கச்சி ஒருத்தி போன் எடுத்தாள். "அக்கா, நீங்கள் வாங்கின மாதிரி மேசைத்தறி ஒன்று வாங்கப் போறன். நாளைக்குள்ள காசு போடச் சொல்லினம்" என்றாள். படத்தை அனுப்பு என்றேன். அனுப்பினாள். எனக்கு விற்றவர் காட்டிய அதே படம்! சிவப்பும் மஞ்சளுமாகப் பாதி நெய்த துணியோடு பளபளவென்று நிற்கிற அதே தறி. காசைப் போடாதே என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது பரந்தனுக்குக் கிட்ட. எங்கள் பக்கத்து நெசவு நிலையத்தில் ஒரு வருடம் பெரிய தறியில் பழகினேன். வீட்டிலும் நெய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின 550 சதுர அடி வீடு. மிதி வைத்த தறியை உள்ளே போட்டால் நாங்கள் முற்றத்தில்தான் பாய் விரிக்க வேண்டும். அதனால் மேசையில் வைத்து நெய்துவிட்டு மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கிற தறி என்றதும் மனம் போய்விட்டது.

விற்றவர் கொழும்புப் பக்கம். வட்ஸ்அப்பில் கதைத்தார், நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. நாலு விழுதுச் சட்டம் (இழை கோக்கிற கண் வைத்த விழுதுகள் தொங்குகிற சட்டம்), 16 அங்குல அகலம், தேக்கு மரம், கூரியரோடு 46,000 ரூபாய், முழுக்காசும் முதலில். ஆடு விற்ற காசு கொஞ்சம், சீட்டுக்காசு கொஞ்சம் சேர்த்துப் போட்டேன். கார்த்திகை மழைக்குள் றெஜிபோம் சுற்றிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஒரு பில்: "தறி – 1". அவ்வளவுதான். அந்த ஒற்றை வரி எனக்கு எவ்வளவு நட்டம் என்று அப்போது விளங்கவில்லை.

முதலாவது பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை, ஏற்றும்போதே சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பற்கள் பதினாறு அங்குலத்துக்கு முன்பே முடிகிற மாதிரித் தோன்றியது. அளந்தேன். 16 அங்குலம் என்பது தறியின் வெளிச்சட்டம். அச்சு 12 அங்குலம். சரி, 12 அங்குலத்தில் சின்னச் சால்வையாவது நெய்யலாம் என்று தேற்றிக்கொண்டேன். அச்சில் அங்குலத்துக்கு 10 பல், பல்லுக்கு இரண்டு இழை, ஆகவே 240 இழை வேண்டும். ஒவ்வொரு இழையும் ஒரு விழுதின் கண்ணுக்குள்ளால் போக வேண்டும். கோத்துக்கொண்டே வந்தால் 160 இழையோடு விழுது தீர்ந்துவிட்டது. சட்டத்துக்கு 40 என்று நாலு சட்டத்துக்கும் 160தான் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் 8 அங்குலம்தான் நெய்யலாம். நெய்யும்போது குறுக்கே போகிற ஊடை நூல் இழுப்பதால் துணி கொஞ்சம் ஒடுங்கும், தறியிலிருந்து இறக்கினால் இன்னும் கொஞ்சம். கடைசியில் என் கைக்கு வந்தது 7 அங்குலம். பதினாறு பன்னிரண்டாகி, பன்னிரண்டு எட்டாகி, எட்டு ஏழான கதை இது.

விற்றவரைக் கேட்டேன். "விழுது முடிஞ்சு போச்சு அக்கா, அடுத்த கிழமை அனுப்புறன்" என்றார். அடுத்த கிழமையும் அதே பதில்.

அதற்கிடையில் இருக்கிற 160 இழையோடு நெய்யலாம் என்று பார்த்தால் பாவு இறுக்கமாக நிற்கவில்லை. பாவு சுற்றும் உருளையின் பல்லுச்சக்கரத்தை ஒரு சின்ன நாக்கு பிடித்திருக்கும், இல்லையா? அந்த நாக்கும் சக்கரமும் பிளாஸ்ரிக். ஊடையை இரண்டு தரம் அடித்தால் டக்கென்று ஒரு பல் வழுக்கும், பாவு தொளதொளக்கும். பாவு தொய்ந்தால் இழைகள் சரியாகப் பிரியாது, ஊடை நூலைக் கொண்டு போகிற நாடா நுழையும் இடைவெளியில் நாலைந்து இழை குறுக்கே கிடக்கும். என் நாடா ஒவ்வொரு தரமும் எங்காவது மாட்டியது. அதையும் சொன்னேன். "புதுத்தறி அப்படித்தான் அக்கா, கை பழகப் பழகச் சரிவரும்." என் கையில்தான் பிழை என்று நானும் மார்கழி முழுக்க நம்பினேன். ஒரு வருடம் நெய்த கையைச் சந்தேகப்பட்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, காசை விட.

நிலையத்தில் எனக்குப் பழக்கிய அக்கா தைப்பொங்கலுக்கு வந்தபோது தறியைப் பார்த்தார். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது உன்ர கை இல்லையடி" என்றார். ஒரு பக்கம் ஊடை நெருக்கமாகவும் மற்றப் பக்கம் ஐதாகவும் இருந்தது. தச்சு வேலை செய்கிற சித்தப்பாவைக் கூப்பிட்டோம். அவர் தறியின் வெளிச்சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணலில்லாமல் இருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். அச்சுப் பலகை கோணலாக வந்து அடித்தால் துணி எப்படி நேராக வரும்? நகத்தால் சுரண்டி, "இது தேக்குமில்லை, முதிரையுமில்லை, காயாத ஏதோ பலகை, மேலே நிறம் பூசியிருக்கு" என்றார். எங்கள் வன்னியில் மரம் தெரியாத ஆளிடம் விற்றிருந்தால் இதுவும் வெளிவந்திராது.

இதையும் விற்றவரிடம் சொன்னேன். மழைக்கு மரம் ஊதியிருக்கிறது, வெயில் வரச் சரியாகும் என்றார். பங்குனி வெயில் வந்தது. மரம் சுருங்கி, மடிக்கிற மூட்டில் ஆணிகள் ஆடத் தொடங்கின. அப்போது அவர் சொன்னது: "வெயிலுக்குள்ள வைச்சிட்டீங்கள் போல." அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. எனக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று இழுத்ததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். சரி, நாளுக்குள்ளேயே போயிருந்தாலும் எதைக் காட்டுவது? பில்லில் "தறி – 1". தறியைத் தந்துவிட்டோமே என்பார். அகலம், சட்டம், விழுது எண்ணிக்கை, மரம் நாலையும் பில்லில் எழுதித் தராதவருக்குக் காசு போடாதீர்கள். எழுதித் தந்தும் சாமான் சரியில்லை என்றால் அடுத்த கிழமைக்குக் காத்திராமல் உடனே முறைப்பாட்டை எழுதுங்கள்.

நேரில் பார்க்கக் கிடைத்தால் அளவுநாடாவும் உங்கள் நூலும் கொண்டு போங்கள். வெறும் தறி எல்லாமே அழகுதான். பாவு ஏற்றி, உங்கள் கையால் ஒரு சாண் நெய்து பார்க்க விடவேண்டும். பாவை நன்றாக இறுக்கிவிட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். நாக்கு வழுக்கினால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். மடிக்கிற மூட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பாரம் குறைவு என்று சொல்லி விற்பார்கள், அதைக் கேட்டு மயங்க வேண்டாம்: பாரமில்லாத தறி அடிக்கு அடி மேசையில் நடக்கும், மேசையோடு இறுக்கிக் கட்டித்தான் நெய்யலாம்.

இன்னொன்று, இது ஏமாற்று இல்லை, ஆனால் யாரும் சொல்வதுமில்லை. மேசைத்தறியில் மிதி கிடையாது. ஒவ்வொரு ஊடைக்கும் நாடாவை வைத்துவிட்டுக் கையால், சட்டத்துக்கு ஒன்றாக இருக்கிற பிடியை மாற்ற வேண்டும். பெரிய தறியின் வேகம் வராது. மீற்றர் கணக்கில் நெய்து விற்கிற எண்ணம் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம்.

அந்தப் படத்தை ரொறன்ரோவில் நெசவு பழகுகிற மச்சாளுக்கு அனுப்பினேன். அது நியூசிலாந்து அஷ்போர்ட் கம்பனியின் தறி என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு சட்டத் தறி என்று எனக்கு விற்ற படத்தில் எட்டுப் பிடிகள் இருந்தன. கார்த்திகையில் அதே படத்தைத்தான் நானும் பத்துத் தரம் பார்த்தேன், துணியின் நிறத்தை மட்டும்.

சித்தப்பா இப்போது முதிரைத் துண்டில் புதிதாக நாக்கும் சக்கரமும் செதுக்கித் தந்திருக்கிறார். கைப்பைக்கு வார் நெய்கிறேன், இரண்டு அங்குல அகலத்தில். அதற்கு விழுது தாராளமாகக் காணும்.