பத்மினிக்கு அலாய் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டில் இருப்பது 1986 மாடல் பிரீமியர் பத்மினி, அந்தக் காலத்து பியட் கார். அப்பா வாங்கிய வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். போன மாதம் கோவையில் ஒரு டயர் கடையில் 24,000 ரூபாய் கொடுத்து அதற்கு அலாய், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரம், போட்டேன். மூன்றாம் நாள் பொள்ளாச்சிக்குப் போகும்போது, கிணத்துக்கடவு பக்கம், முன் இடது சக்கரம் கழன்று ஓடாததுதான் பாக்கி. பின் சீட்டில் அம்மாவும் என் மகளும் இருந்தார்கள்.

வாங்கும்போதே கேட்டேன், "அண்ணா, இது பியட்டுக்கு உட்காருமா?" என்று. "நாலு ஓட்டைதானே சார், தாராளமா உட்காரும். எத்தனை பழைய வண்டிக்குப் போட்டிருக்கோம்" என்றார். நம்பிவிட்டேன்.

பியட்டின் பிசிடி 98. அதாவது நாலு போல்ட்டின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 98 மில்லிமீட்டர். பழைய பியட் 1100 காலத்திலிருந்து பின்னால் வந்த ஊனோ, பேலியோ கார்கள் வரைக்கும் அதே அளவுதான். கடையில் எனக்குப் போட்டது 100 பிசிடி. சான்ட்ரோ, ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளுக்கு வருவது. எந்தக் கடையிலும் குவிந்து கிடப்பதும் அதுதான். வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர், ஒவ்வொரு ஓட்டைக்கும் 1 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னதாக இருப்பதுதான் ஆபத்தே. போல்ட் உள்ளே போய்விடும், காற்றழுத்தத்தில் போல்ட்டை முடுக்கும் ஏர் கன் வைத்தால் இறுகியும்விடும். ஆனால் போல்ட்டின் கூம்புத் தலை குழியில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் மட்டுமே அழுத்தும். வண்டி ஓட ஓட அது இளகும்.

முதல் நாளே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீரிங் உதறியது. திரும்பப் போனேன். பேலன்சிங் மெஷினில் மாட்டி, சுழியம் வருவதைக் காட்டி, "வீல்ல ஒண்ணுமில்ல, பழைய வண்டி, பேரிங் போயிருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான். மெஷின் சக்கரத்தை நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது, அதனால் அங்கே சரியாகத்தான் சுற்றும். வண்டியில் அதைப் பிடிப்பது போல்ட்டுகள். என் அலாயின் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், பத்மினியின் ஹப்பை, அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சு முனையை, தொடவே இல்லை.

கிணத்துக்கடவில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினார். நாலரைச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. "தம்பி, இது ஸ்டீல் ரிம்முக்கு வந்த போல்ட்டு. அலாய் தடிமனுக்கு இது எப்படிப் பத்தும்?" என்றார். 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் குறைந்தது 12 மில்லிமீட்டர் மரையாவது ஹப்புக்குள் பிடித்திருக்க வேண்டும். அதற்காக மிக நீளமான போல்ட்டும் கூடாது. பின்னால் போய் இடித்து, சக்கரம் இறுகாமலே இறுகின மாதிரி காட்டும். நாலில் ஒரு போல்ட் வழியிலேயே விழுந்திருந்தது. அலாயின் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தன. பேரிங்கையும் ஆட்டிப் பார்த்தார், அதில் ஒரு குறையும் இல்லை.

கடைக்காரர் பணம் தரவில்லை. பில்லில் "அலாய் வீல் செட்" என்று மட்டும்தான் இருந்தது, பிசிடி எழுதவில்லை. ஓட்டையை அடைத்து லேத்தில் வேறு துளை போட்டுத் தருகிறேன் என்றார். அடைத்துத் துளைத்த சக்கரத்தில் என் குடும்பத்தை ஏற்ற எனக்கு மனசில்லை. ஹப்பில் இரண்டு ஓட்டையின் மரை போய்விட்டதால், சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டையில் சொல்லிவைத்து ஒரு ஹப் வாங்கினோம். இப்போது வண்டி பழைய ஸ்டீல் ரிம்மில்தான் ஓடுகிறது.

அலாய் வாங்குவதற்கு முன் நீங்களே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நாலு ஓட்டை ரிம்மில், ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை வரும் அளவுதான் பிசிடி. பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். போல்ட்டை முதலில் கையால் சுற்றி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள், ஏர் கன் அப்புறம். 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றைக்கே ஜாக்கி வைத்து ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். கூம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.