காது சுத்தம் செய்யும் திரவம்: இரண்டு நட்சத்திரம்

பாட்டிலின் மூக்கு மெல்லியது, வாசனையும் பரவாயில்லை. பாராட்ட அவ்வளவுதான்.

என் முயல் மிளகு பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. அழுக்கு என்று நினைத்து ஐந்து நாள் இதை ஊற்றினேன். சொறிவது நிற்கவில்லை. ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே காய்ந்த மரப்பட்டை போல அடுக்கடுக்காகப் பழுப்புப் பொருக்கு! பஞ்சால் எடுக்கப் போனேன். பாவம், வலியில் கத்தியே விட்டது.

மருத்துவர் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தார். சொரோப்டஸ் குனிகுலி என்ற சிற்றுண்ணியாம். செலமெக்டின் என்ற சிற்றுண்ணி மருந்தைப் பிடரியில் சொட்டிவிட்டு, "பொருக்கைத் தொடாதீர்கள், அடியில் புண் இருக்கும், தானாக உதிரும்" என்றார். அப்படியே உதிர்ந்தது. சிற்றுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி சுமார் 3 வாரம் என்பதால் அப்புறம் இன்னொரு தவணை, கூடவே வளரும் இன்னொரு முயல் சுக்குக்கும் சேர்த்து. நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து மட்டும் முயலுக்கு ஆகாது; அது ஆபத்து.

இந்தத் திரவம் அழுக்கை எடுக்கும், சிற்றுண்ணியைக் கொல்லாது. 'எல்லாச் செல்லங்களுக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் அதையும் ஓரமாகப் போட்டிருக்கலாம்.