ஓப்பன் வாட்டர் கோர்ஸ் சேருகிறவர்களே, இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் என்று முதலில் கேளுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு டைவ் சென்டர், ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பநிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு முழுப் பணம் வாங்கிக்கொண்டு, ஒன்றரை நாளில் ஆளைக் கரையேற்றி அனுப்பிவிட்டது. நீச்சல் சோதனை இல்லை. கரையோரத்தில் அரைமணி நேரப் பயிற்சி, கடலில் 2 டைவ், அவ்வளவுதான். ஆனால் டைவ்களைப் பதியும் லாக் புக்கில் 4 டைவுக்கும் கையெழுத்து! இந்தக் கோர்ஸை நடத்தும் PADI என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் 4 டைவ், குறைந்தது இரண்டு நாட்களில் நடந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று இடுப்பில் இருந்தது. 3 மி.மீ. சூட் போட்ட 60 கிலோ ஆளுக்கு அந்தக் கடலில் மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயம் பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ போதும். அங்கே கட்டியது 10 கிலோ. அவ்வளவு எடை இருந்தால் மாணவர் மணலில் மண்டியிட்டு அசையாமல் இருப்பார். இன்ஸ்ட்ரக்டர் படிவத்தில் மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். மிதவைக் கட்டுப்பாடு வரவே வராது. கூடுதல் எடையைச் சமாளிக்க பிசிடியில் (காற்றேற்றி மிதவையைச் சரிசெய்யும் ஜாக்கெட்) கூடுதல் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. வெளியேற்றத் தெரியாதவர் பந்துபோல மேலே எகிறுவார். அந்த நேரத்தில் மூச்சையும் அடக்கினால் நுரையீரலே கிழியலாம்.

எடை சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆழமான நீரில் ரெகுலேட்டரை (டேங்க் காற்றைத் தரும் வாய்க்கருவி) வாயில் வைத்து, பிசிடியை முழுக்கக் காலி செய்து, சாதாரண மூச்சைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மூழ்கினால் சரி. நிறைந்த டேங்க்கில் பார்த்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், டைவ் முடிவில் அலுமினிய டேங்க் அந்த அளவு லேசாகிவிடும்.

அந்த சென்டரில் மாஸ்க் பயிற்சியும் அரைகுறைதான்: மாஸ்க்கில் பாதி நீர் விட்டு ஒருமுறை ஊதவைத்ததோடு சரி. முழுக்கக் கழற்றி, மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சுவிட்டு, மறுபடி மாட்டி, மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதி நீரை வெளியேற்ற வேண்டும். புதியவர்கள் பதறுவது இங்கேதான்: மூக்கில் நீர் ஏறியதும் மேலே பாய்வார்கள். வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்கும் பயிற்சியில் அவர்கள் சொல்லித்தராதது, அது வாயில் இல்லாத நேரமெல்லாம் சின்னக் குமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. அதை எடுக்க, வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையைத் தொடையோடு பின்னால் கொண்டுபோய் டேங்க்கைத் தொட்டு, பெரிதாக வீசி முன்னால் கொண்டுவந்தால் ஹோஸ் கையோடு வந்துவிடும். வாயில் வைத்ததும் முதலில் ஊதுங்கள், அல்லது உள்ளிருக்கும் நீரைக் காற்றால் வெளியே தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள். நேரே உறிஞ்சினால் உப்புத்தண்ணீர்தான். அந்தரத்தில் மிதப்பதும் நண்பரின் காற்றைப் பகிர்ந்து மேலேறுவதும் அங்கே பேச்சிலேயே முடிந்துவிட்டன.

செய்யாத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் முடித்த பகுதிக்கு மட்டும் ரெஃபரல் படிவம் கேளுங்கள். 12 மாதம் செல்லும், மிச்சத்தை வேறு சென்டரில் முடிக்கலாம். அந்தப் படிவத்திலும் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள்.