மைல் கொடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸ்: நாலு பேர் குடும்பத்தின் எட்டு வருட அனுபவம்

2017-இல் விமான மைல் சேர்க்க ஆரம்பித்தேன். மைல் என்பது விமான நிறுவனங்கள் தரும் பாயிண்ட், காசுக்குப் பதில் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். கிரெடிட் கார்டு பாயிண்ட், அலுவலகப் பயணம், கணவருடைய கார்டு என்று எல்லாம் சேர்த்து இதுவரை மூன்று முறை குடும்பத்துக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் போட்டிருக்கிறோம். இரண்டு முறை பறந்தோம். மூன்றாவது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது.

கேட்பவர்கள் எல்லோரும் “எத்தனை மைல் வேணும்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் மைல் சேர்ப்பது பாதி வேலைகூட இல்லை. ஒரே விமானத்தில் நாலு சீட் கிடைப்பதுதான் பாடாய்ப் படுத்தும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இரட்டைத்தள ஏ380 விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் சூட் (கதவு வைத்த தனி அறை) மொத்தமே 6. அவர்களுடைய போயிங் 777-300ஈஆரில் 4 சீட்தான். அதில் மைலுக்கென்று ஒன்றோ இரண்டோ திறந்தால் அதுவே பெரிது. கணவன் மனைவி இருவர் மட்டும் போவதென்றால் சமாளித்துவிடலாம். பிள்ளைகளோடு என்றால் கணக்கே வேறு.

இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பயணத்துக்கு 355 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும் என்று தெரிந்து, தினமும் காலையில் எழுந்ததும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரின் இணையப் பக்கத்தில் நாலு பேர் என்று போட்டுத் தேடுவேன். இல்லை என்றே வரும். ஒருநாள் இரண்டு பேர் என்று மாற்றிப் போட்டேன். அதே தேதியில் சேவர் சீட், அதாவது குறைந்த மைலுக்குக் கிடைக்கும் சீட், இரண்டு இருந்தது! நாலு பேருக்குத் தேடினால் நாலும் இருந்தால்தான் காட்டும். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். இப்போது யார் கேட்டாலும் முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஏற்றிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அன்று ஒரு முடிவு எடுத்தோம். போகும்போது நானும் மகளும் சூட்டில், அவரும் மகனும் பிசினஸ் கிளாஸில். வரும்போது மாற்றிக்கொள்வது. ஏ380-இல் இரண்டு வகுப்பும் மேல்தளத்தில்தான் என்பதால் வெகுதூரம் பிரிந்த மாதிரியும் இல்லை. மைல் முழுக்க என் கணக்கில் இருந்தது. கிரிஸ்ஃப்ளையரில் 5 பேரை நாமினியாகப் பதிவு செய்துகொண்டு அவர்கள் பெயரில் டிக்கெட் எடுக்கலாம். சீட் கண்ணில் பட்ட பிறகு இதைச் செய்ய உட்கார வேண்டாம், முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

2019-இல் பறந்தோம். அந்த சூட்டில் நாற்காலி தனி, படுக்கை தனி. படுக்கை சுவரிலிருந்து இறங்குகிறது. முன்பின்னாக உள்ள இரண்டு சூட் எடுத்தால் நடுத்தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கித் தருகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் முதல் இரண்டு சூட்டுக்குத்தான் இந்த வசதி, மூன்றாவதற்குக் கிடையாது. சீட் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். பணிப்பெண் படுக்கை விரித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், பதினொரு வயது மகள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்து, கால் இரண்டையும் கட்டில் மேல் நீட்டிக்கொண்டாள். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் தூங்கினாள். விமானத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இறங்கியதும் தம்பி ஓடி வந்து, “அக்கா, கதவு நெஜமாவே மூடுமா?” என்று கேட்டான். திரும்பும்போது அவன் முறை. ஏறியதும் முதல் வேலையாகக் கதவைத்தான் மூடிப் பார்த்தானாம்.

நாலு பேரும் ஒன்றாகப் போனது 2023-இல், எமிரேட்ஸ் ஏ380-இல். அங்கே ஃபர்ஸ்ட் கிளாஸில் 14 சூட் இருப்பதால் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் குடும்பக் கணக்கு ஒன்று உண்டு, பெயர் மை ஃபேமிலி. எட்டுப் பேர் வரை சேரலாம், ஒவ்வொருவரும் சம்பாதிக்கும் மைலை நூறு சதவீதம் வரை பொதுக் கணக்கில் விடலாம். பிள்ளைகளின் சின்னச் சின்ன மைல் வீணாகாமல் வந்து சேர்ந்தது இதனால்தான். நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்து சூட் இரண்டு குழந்தைகளுக்கு, ஓர சூட் இரண்டு எங்களுக்கு.

அந்த விமானத்தில் குளியலறை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு 5 நிமிடத் தண்ணீர். எவ்வளவு மீதி என்று காட்ட ஒரு விளக்குக் கோடு இருக்கிறது. தண்ணீரை நடுவில் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நனைந்தவுடன் நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி திறந்தால் 5 நிமிடம் தாராளம். வெந்நீரில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்து, கீழே கடல் தெரிவதைப் பார்த்த நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஆனால் அதே வழியை இன்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. 2025 மே முதல் ஸ்கைவார்ட்ஸில் சில்வர் அல்லது அதற்கு மேல் உறுப்பினர் அந்தஸ்து உள்ளவர்களுக்குத்தான் மைல் கொடுத்து எடுக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் ரிவார்டு டிக்கெட். இந்த உலகத்தில் விதி இப்படித்தான் மாறும். அமெரிக்க விமான நிறுவனங்களான டெல்டா 2015-இலும் யுனைடெட் 2019-இலும் எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டன. கிரிஸ்ஃப்ளையர் 2022 ஜூலையில் தேவையான மைலை உயர்த்தியது, அதன் மைல்களுக்கு மூன்று வருட ஆயுளும் உண்டு. அதனால் சேர்த்துப் பூட்டி வைக்காதீர்கள். குழந்தைகள் பெரியவர்களாகட்டும், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருந்த இரண்டு நண்பர் குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன.

பட்டதில் முக்கியமானது பாயிண்ட் மாற்றம். வங்கிப் பாயிண்டை விமான மைலாக மாற்றினால் திரும்ப எடுக்க முடியாது. சில இடத்துக்கு உடனே போய்விடும், சில இடத்துக்கு நாள் கணக்கில் ஆகும். ஒருமுறை இரண்டு சீட்டைப் பார்த்துவிட்டு அவசரமாக மாற்றினேன். மைல் வந்து சேர்ந்தபோது சீட் போய்விட்டது. அந்தத் திட்டத்தில் எங்களுக்கு வேறு உபயோகமும் இல்லை. கடைசியில் அந்த மைல் காலாவதியாகிப் போனது. சீட்டைச் சில நாள் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மூன்றாவது டிக்கெட் 2024-இல். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் விமான வகையை மாற்றியது. புதிய விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸே கிடையாது. எங்களைப் பிசினஸுக்கு இறக்கினார்கள். மைல் வித்தியாசம் தானாகத் திரும்பவில்லை, ஐந்து முறை போன் செய்த பிறகுதான் வந்தது. மகன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்குப் பல திட்டங்களில் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் காசாகவே கேட்பார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் கட்டணத்தில் 10 சதவீதம் என்பது சாதாரண வகுப்பில் ஒரு முழு டிக்கெட்டையே தாண்டிவிடலாம். வரியும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் தனி. மொத்தக் காசைப் பார்க்காமல் “இலவசம்” என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நாலு ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டுக்குப் போகிற மைலில் நாலு பேரும் பிசினஸில் இரண்டு விடுமுறை போய்வர முடிந்த வழிகளும் உண்டு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நான் அதையே சொல்வேன். வளர்ந்த பிள்ளைகளோடு வாழ்நாளில் ஒருமுறையாவது அந்த இரட்டைக் கட்டில் சூட்டில் போய்வாருங்கள். அதற்குச் செலவான ஒரு மைலுக்குக்கூட நான் வருந்தியதில்லை.

மகள் படிக்க வெளியூர் போகுமுன் இன்னொரு முறை முயற்சி செய்கிறோம். இரண்டு சேவர் சூட் உறுதியாகிவிட்டது, இன்னும் இரண்டு வெயிட்லிஸ்டில் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் பிசினஸ். போகும்போது சூட் தனக்கு வேண்டாம், அப்பாவும் அம்மாவும் போகட்டும் என்று மகன் சொல்லிவிட்டான்.